மனவடுவும் கும்பிடும் கைகளும்

இலங்கையின் உள்நாட்டுப் போர் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. அதே ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் வீடுகளிலும் இரண்டு முகாம்களிலும் சுமார் 1,400 பேரிடம் ஒரு மனநலக் கணக்கெடுப்பு நடந்தது. அதன் முடிவுகள் 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியாயின. நூற்றுக்கு 7 பேருக்கு, பி.டி.எஸ்.டி. என்று மருத்துவர்கள் சொல்லும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய உளநோயின் அறிகுறிகள் இருந்தன. மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 விழுக்காட்டினரிடமும், பதற்றத்தின் அறிகுறிகள் 32.6 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. அப்போதும் இடம்பெயர்ந்தே இருந்தவர்களிடம் இந்த எண்கள் முறையே 13, 41.8, 48.5 என உயர்ந்தன. முகாம் வாழ்க்கைதான் இதற்குக் காரணம் என்று உடனே தோன்றும். ஆனால் ஒவ்வொருவரும் எத்தனை கொடுமைகளைக் கண்டார், எத்தனையில் அகப்பட்டார் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. நோயின் அளவைத் தீர்மானித்தது பட்ட அடியின் அளவுதான். பட்ட அடியை எந்தச் சிகிச்சையாலும் பின்னோக்கிப் போய் நீக்க முடியாது. கைக்கு எட்டுவது இனி வரும் நாள் மட்டுமே. அந்த நாளை மறுபடி கட்டியெழுப்பும் வேலையில், மக்கள் ஏற்கனவே கையில் வைத்திருக்கும் வழிபாட்டுப் பழக்கங்களுக்கு இடம் உண்டா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மனவடு நினைவுகளில் மட்டும் தங்குவதில்லை, நாளின் அமைப்பையே குலைத்துவிடுகிறது. இரவில் தூக்கம் கெடுவதால் விடிந்தும் எழ முடிவதில்லை. எது எப்போது அந்த நினைவைக் கிளறும் என்று தெரியாததால் சந்தை, பேருந்து, கூட்டம், உறவினர் வீடு என்று ஒவ்வொன்றாகத் தவிர்க்கத் தொடங்குகிறார்கள். தவிர்ப்பதால் உடனே ஒரு நிம்மதி கிடைக்கிறது. கிடைப்பதாலேயே தவிர்ப்பு பெருகுகிறது. சில மாதங்களில் வாழ்க்கை ஓர் அறைக்குள் சுருங்கிவிடுகிறது. வேலை போகிறது, சமையல் தடுமாறுகிறது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பு இன்னொருவர் கைக்கு மாறுகிறது. தான் யாராக இருந்தோம் என்பதைச் சொல்லித்தந்த செயல்கள் எல்லாம் கைநழுவிப் போகின்றன. ஆக்குபேஷனல் தெரபி என்னும் செயல்வழிச் சிகிச்சை தன் வேலையைத் தொடங்கும் இடம் இதுதான். காலையில் எழுந்தது முதல் படுக்கும் வரை இந்த மனிதர் என்ன செய்கிறார், முன்பு என்ன செய்தார், எதைச் செய்ய விரும்புகிறார் என்பதே அதன் முதல் கேள்வி. பிறகு அந்தச் செயலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதி முடிகிறது, எது முடியவில்லை என்று பார்த்து, முடிகிற இடத்திலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டு போகும். பேசவைத்து நினைவைச் சீராக்கும் உளவியல் சிகிச்சைக்கு இது போட்டியல்ல. பேச்சு முடிந்து நோயாளி வீட்டுக்குப் போன பிறகு மீதமிருக்கும் இருபத்துமூன்று மணி நேரத்தைப் பற்றிய கவலை இது.

இந்த முறைக்குள் வழிபாட்டைக் கொண்டுவருவது பற்றி ஒரு குழப்பம் இருக்கிறது. ஆதரிப்பவர்களில் பலர் நம்பிக்கையே நோயைக் குணமாக்கும் என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் மருத்துவத்துக்குள் மதம் எதற்கு என்று கேட்கிறார்கள். இரு தரப்பும் நம்பிக்கை என்பதை மனத்துக்குள் இருக்கும் ஒரு கருத்தாகவே எண்ணுகின்றன. என் வாதம் வேறு. மனவடுவிலிருந்து மீள்வோருக்கு நம்பிக்கை உதவுமானால், அது பெரும்பாலும் ஒரு செயலாகவே உதவுகிறது: குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், உடம்பைக் கொண்டு, பெரும்பாலும் பிறரோடு சேர்ந்து, தனக்குப் பொருள் உள்ளதாகச் செய்யும் ஒரு வேலையாக. எனவே குளிப்பது, சமைப்பது, வயலுக்குப் போவது ஆகியவற்றை எந்தக் கண்ணோடு சிகிச்சையாளர் ஆராய்கிறாரோ, அதே கண்ணோடு கும்பிடுவதையும் ஆராய வேண்டும். அதற்குமேல் வழிபாட்டுக்குச் சலுகையும் வேண்டாம், அதற்குக் கீழே புறக்கணிப்பும் வேண்டாம்.

இந்தத் துறையின் பிறப்பிலேயே இந்த உறவு இருக்கிறது. இங்கிலாந்தின் யார்க் நகரத்து மனநோய் இல்லத்தில் 1790இல் ஹன்னா மில்ஸ் என்ற குவேக்கர் பெண் இறந்தார். அவரைப் பார்க்க வந்த அவருடைய சமயத்தாரை நிர்வாகம் உள்ளே விடாமல் தடுத்திருந்தது. அந்த அதிர்ச்சியில் வில்லியம் டியூக்கும் குவேக்கர் சமூகத்தாரும் 1796இல் ‘ரிட்ரீட்’ என்ற இல்லத்தைத் திறந்தார்கள். நோயாளிகளை விலங்கிட்டு வைப்பதற்குப் பதிலாகத் தோட்டவேலை, தையல், நடைப்பயிற்சி, தேநீர் விருந்து என்று நாளை நிரப்பினார்கள். ஞாயிறு பிற்பகல்களில் வேதாகம வாசிப்பும் இருந்தது. அந்த வாசிப்பின்போது நோயாளிகள் எவ்வளவு அமைதியாக இருந்தார்கள் என்பதை வில்லியமின் பேரன் சாமுவேல் டியூக் 1813இல் வெளியிட்ட நூலில் பதிந்திருக்கிறார். நூறு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் ஜார்ஜ் பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞர் காசநோயாலும், காலின் ஒரு பகுதியை இழந்ததாலும், உடலின் ஒரு பக்கம் செயலிழந்ததாலும் நொடிந்து கிடந்தார். எல்வுட் வொர்செஸ்டர் என்ற மதகுருவின் ஆலோசனை அவரை எழுப்பியது. மதகுருவும் மருத்துவர்களும் சேர்ந்து நோயாளிகளைப் பார்க்கும் இயக்கம் ஒன்றை பாஸ்டனில் 1906இல் தொடங்கியவர் வொர்செஸ்டர். பார்ட்டன் தோட்டத்திலும் பட்டறையிலும் வேலை செய்தே தன்னைத் தேற்றிக்கொண்டார். 1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் அவர் வீட்டில்தான் செயல்வழிச் சிகிச்சைக்கான முதல் தேசிய அமைப்பு உருவானது. அதன் பிறகு துறை மருத்துவமனைக்குள் குடியேறி, மூட்டு அசைவுகளையும் தசை வலிமையையும் அளப்பதில் மூழ்கியது. 1997இல் கனடாவின் செயல்வழிச் சிகிச்சையாளர்கள் தங்கள் கோட்பாட்டு வரைபடத்தின் நடுவில் ஆன்மிகத்தை வைத்தார்கள். அமெரிக்கச் செயல்வழிச் சிகிச்சைச் சங்கத்தின் வழிகாட்டு ஏடோ சமயச் செயல்பாடுகளைப் பணத்தைக் கையாளுதல், வீட்டைப் பராமரித்தல் போன்ற அன்றாட வாழ்வுச் செயல்களின் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. இரண்டில் இரண்டாவதே எனக்குச் சரியாகப் படுகிறது. நடுவில் வைத்து வணங்கினால் யாரும் அதைத் தொடமாட்டார்கள். பட்டியலில் வைத்தால் வேலை நடக்கும்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஈழத்தின் வடக்கும் கிழக்கும் பொருத்தமான களம். அங்கே ஊர்க்கோயில் நாளையும் ஆண்டையும் பகுத்துத் தருகிறது. விடியலில் பூப்பறித்தல், மாலை கட்டுதல், வெள்ளிக்கிழமை விளக்கு, திருவிழாவுக்கு முன் கோயில் வீதி கூட்டுதல், அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்குதல், தேர் வடம் பிடித்தல் ஆகிய ஒவ்வொன்றும் உடலிடமும் மனத்திடமும் வெவ்வேறு அளவு கேட்கிறது. பூக்கட்டுதலை எடுத்துக்கொள்வோம். உட்கார்ந்தே செய்யலாம். விரல்கள் நுட்பமாக இயங்க வேண்டும், கண் கையிலேயே இருக்க வேண்டும், ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும். தவறினால் அவிழ்த்து மீண்டும் கட்டலாம், அரை மணியில் கையில் ஒரு பயன் இருக்கும், பேச விருப்பமில்லாவிட்டாலும் பக்கத்தில் ஆள் இருக்கும். வெளியே தலைகாட்டவே அஞ்சும் ஒருவர் இங்கிருந்து தொடங்கலாம். வடம் பிடிப்பதற்கு நெரிசலையும் இரைச்சலையும் தாங்க வேண்டும், ஆகவே அது பல மாதங்கள் தள்ளி வரும். ஷெல் வீச்சில் தப்பியவருக்குத் திருவிழாவின் வாணவேடிக்கையும் வேட்டுச் சத்தமும் பழைய நாளைத் திரும்பக் கொண்டுவரக்கூடும். அவரைக் கூட்டம் இல்லாத காலைப் பூசைக்கு முதலில் அழைத்துப் போய், மணியோசையைப் பழக்கி, பிறகு மேளம், அதன் பிறகு திருவிழாவின் முதல் நாள் என்று படியேற்றுவது சிகிச்சையாளரின் தொழில் திறமை. கால் இழந்தவர் தரையில் உட்கார்ந்து எழுவது, தொழுகைக்கு முன் கை கால் கழுவுவது, தேவாலயத்தில் முழந்தாளிடுவது எல்லாமே இதே வகைக் கேள்விகள். செயற்கைக்காலைப் பொருத்திவிட்டு நடக்கிறாரா என்று மட்டும் பார்த்து அனுப்பினால், அவர் போக விரும்பும் இடத்துக்குப் போக முடிகிறதா என்பது கேட்கப்படாமலேயே போகும்.

வழிபாட்டுத் தலம் என்றாலே ஆறுதல் தரும் இடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் அந்த மண்தான் கற்றுத்தருகிறது. 1995 ஜூலை 9 அன்று நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் மீது விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் எல்லோரும் விடுதலைப் புலிகளால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, தங்கள் பள்ளிவாசல்களை விட்டுப் போனார்கள். 2019 உயிர்ப்பு ஞாயிறு அன்று கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்புத் தேவாலயங்களில் குண்டு வெடித்தது. இப்படி உயிர்தப்பிய ஒருவரிடம் ‘கோயிலுக்குப் போய் வாருங்கள், மனம் லேசாகும்’ என்று சொல்வது மருத்துவம் தெரியாத பேச்சு. அவருக்கு அந்த வாசற்படியே காயத்தின் இடம். அங்கே திரும்பிப் போவது அவருடைய சொந்த இலக்காக இருந்தால், அதற்கு நினைவுச் சிகிச்சையும் துணையாளும் காலமும் தேவை. இலக்காக இல்லாவிட்டால் வீட்டு மூலையில் ஏற்றும் மெழுகுவர்த்தி போதும்.

உடலியங்கியல் பக்கத்தில் இந்த வாதத்துக்குச் சான்று இருக்கிறதா? இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழுவினர் நலமாக இருந்த 23 பேரிடம் செய்த சோதனை 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. லத்தீன் மொழியில் செபமாலை சொல்லும்போதும், ‘ஓம் மணி பத்மே ஓம்’ என்று உச்சரிக்கும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 தடவையாகக் குறைந்தது. அந்த வேகத்தில் மூச்சும் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கின. இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயலின் கூர்மையும் கூடியது. எப்போதும் அபாயத்தை எதிர்பார்த்து விறைத்திருக்கும் உடலுக்கு, மெல்லிய நீண்ட மூச்சு ஒரு தளர்வைத் தரும் என்பது மனவடுச் சிகிச்சையில் பரவலாகப் பயன்படும் அறிவு. யாழ்ப்பாணத்தில் பல பத்தாண்டுகள் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இதைத் தம் மக்களுக்கு ஏற்றபடி பயன்படுத்தினார். தளர்வுப் பயிற்சியைச் சொல்லித்தரும்போது சைவருக்கு ‘ஓம்’, கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிமுக்குத் திக்ர், பௌத்தருக்குச் சரணம் என்று அவரவர் வாயில் ஏற்கனவே உள்ள சொற்களையே எடுத்துக்கொண்டார். மூச்சின் உடலியங்கியல் எல்லோருக்கும் ஒன்றுதான், நாளும் தொடர்ந்து செய்யவைப்பது அந்தச் சொல்லின் பொருள்.

சிகிச்சைக் களத்திலிருந்து வரும் சான்றுகளில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒன்று. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை மனநல மருத்துவர் ரகுராமும் சக ஆய்வாளர்களும் கவனித்து, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு நோய், ஆகவே இது மனவடுவைப் பற்றிய ஆய்வல்ல. ஆனால் அங்கே நடந்தது நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிறது. பேயோட்டல் இல்லை, விசேஷச் சடங்கு எதுவும் இல்லை. காலையில் சிறு பூசை, பிறகு கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கூட வந்த உறவினரோடு இருப்பது, அவ்வளவுதான். சராசரியாக ஆறு வாரங்கள் தங்கியபின் நோய் அறிகுறி மதிப்பெண் 52.9இலிருந்து 42.9ஆகக் குறைந்திருந்தது. ஒப்பிட வேறு குழு இல்லாததால், நோய் தானாகத் தணிந்ததா, இடம் மாறியதால் தணிந்ததா என்று பிரித்தறிய முடியாது. ஆனாலும் பூசையும் துடைப்பமும் நீர்க்குடமும் ஒரே நாளுக்குள் இணைந்திருந்த ஓர் ஏற்பாடு அது என்பதை மறக்க வேண்டியதில்லை. சுனாமிக்குப் பிறகு, 2005 தொடக்கத்தில், இலங்கையின் வடகிழக்கில் ஒரு முகாமில் போரையும் சுனாமியையும் கண்ட 31 சிறுவர்களிடம் நடந்த சோதனை இன்னும் ஒழுங்கானது. ஒரு பாதியினர் தங்கள் வாழ்க்கைக் கதையைச் சொல்லி நினைவை எதிர்கொண்டார்கள். மறுபாதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். உள்ளூரில் பயிற்சி பெற்றவர்களே ஆறு அமர்வுகளை நடத்தினார்கள். ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாவதில் 71 விழுக்காட்டினரும் நோய் வரம்புக்கு வெளியே வந்திருந்தார்கள். எண்ணிக்கை சிறியது. சிகிச்சை பெறாத குழு இல்லாததால், காலமே ஆற்றியதும் இதில் கலந்திருக்கலாம்.

மூன்றாவது சான்று வேறு கோணத்திலிருந்து வருகிறது. அமெரிக்கச் செவிலியர்களிடம் நீண்டகாலம் நடந்துவரும் ஆய்வின் தரவுகளை ஹார்வர்டின் டைலர் வாண்டர்வீல் குழுவினர் பகுத்தார்கள். 89,708 பெண்களின் தரவு அது. வாரம் ஒரு முறையேனும் வழிபாட்டுக் கூட்டத்துக்குப் போனவர்களிடம், போகாதவர்களைவிடத் தற்கொலை விகிதம் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று 2016இல் எழுதினார்கள். இத்தகைய ஆய்வுகளில், ஒருவர் தன்னை எவ்வளவு பக்தர் என்று மதிப்பிட்டுக்கொள்கிறார் என்பதைவிட, அவர் எவ்வளவு அடிக்கடி போகிறார் என்பதே உடல்நலத்தோடு வலுவாகத் தொடர்புறுகிறது. எழுந்து, உடுத்தி, புறப்பட்டு, பிறரோடு உட்கார்ந்து வருவதில் ஏதோ இருக்கிறது. போகக்கூடிய நிலையில் இருப்பவர்களே போகிறார்கள் என்ற ஐயம் இத்தகைய அவதானிப்பு ஆய்வுகளை விட்டு முழுதாக நீங்குவதில்லை. அதைக் கழித்துப் பார்த்தாலும், திசை என் வாதத்தின் பக்கமே இருக்கிறது.

இறப்புச் சடங்குகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துச் சைவர் வழக்கில் இறந்தவருக்கு எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆண்டுதோறும் திவசம், ஆடி அமாவாசையில் கீரிமலையில் தீர்த்தம் என்று துக்கத்துக்கே ஓர் அட்டவணை இருக்கிறது. அழுவதற்கு நாள் குறித்து, அழுதவரை மெல்ல வாழ்க்கைக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு அது. போர் அந்த அட்டவணையை முறித்தது. ஓடும் வழியில் உடல்களை விட்டுவிட்டு ஓட வேண்டியிருந்தது. கீரிமலைப் பகுதியே 1990 முதல் பல ஆண்டுகள் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டு மக்கள் கைக்கு எட்டாமல் கிடந்தது. செய்யாமல் விட்ட கடனாக அந்தச் சடங்கு பலரை உறுத்துகிறது. தாமதமாகவேனும் அதைச் செய்துமுடிக்க வழிசெய்வது சிகிச்சையாளர் எடுக்கக்கூடிய மிகப் பயனுள்ள பணிகளில் ஒன்று. எங்கே போவது, யார் வருவது, எவ்வளவு செலவாகும், எந்த இடத்தில் தளர்ந்துபோவார், அப்போது யார் பிடித்துக்கொள்வார் என்று திட்டமிடுவதெல்லாம் அவர் தொழிலுக்குள் அடங்கும். ஆனால் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களிடம் இதே ஆலோசனை கொடுமையாகிவிடும். அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் விளக்கிய முடிவுறா இழப்பு இதுதான்: ஆள் இல்லை, இறந்ததாக உறுதியும் இல்லை. அந்தியேட்டி செய்வது மகனைத் தானே கொன்றதாக ஒரு தாய்க்குத் தோன்றும். 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாகத் தாய்மார் தொடங்கிய போராட்டத்தில், தேங்காய் உடைப்பதும் கற்பூரம் ஏந்துவதும் இடம்பெற்றன. மரணத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லாத வழிபாடு அது. நேர்ந்துகொண்டு காத்திருக்கலாம், பதில் கேட்டு முறையிடலாம். பதில் கிடைக்காமலேயே பலர் இறந்துவிட்டார்கள். அந்தத் தாய்மாரின் நாளுக்கு ஒரு வடிவம் தந்தது அந்த இடம்தான். அதைச் சிகிச்சை என்று நான் அழைக்கமாட்டேன், ஏனென்றால் அவர்கள் கேட்டது நீதி. நீதி கேட்கும் ஒருவரை நோயாளியாகச் சுருக்குவது தவறு. ஒரு சிகிச்சையாளர் அவர்களுக்குச் செய்யக்கூடியது, அந்த இடத்துக்குத் தொடர்ந்து போய்வரும் வலுவைக் காப்பது.

இனி எதிர்வாதங்கள். நம்பிக்கை காயப்படுத்தும் என்பதே அவற்றில் மிகக் கனமானது, அது உண்மையும்கூட. கென்னத் பார்கமெண்ட் குழுவினர் மருத்துவமனையில் இருந்த 596 முதியோரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001இல் எழுதினார்கள். கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டாரோ என்று மறுகியவர்களிடம் இறப்பு அபாயம் 28 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அமெரிக்கப் போர்வீரர்கள் 1,385 பேரிடம் நடந்த ஆய்வில், கொன்றதும் காப்பாற்ற முடியாமற்போனதும் நம்பிக்கையைத் தளர்த்தின என்றும், தளர்ந்த நம்பிக்கை அவர்களை மனநலச் சேவையை மேலும் நாடவைத்தது என்றும் 2004இல் தெரிந்தது. நம் பக்கத்தில் இது வேறு உருவம் எடுக்கிறது. முன்வினை என்று சொல்லிப் பாதிக்கப்பட்டவர் மீதே பழியைத் திருப்புவதுண்டு. போரில் கணவனை இழந்த பல்லாயிரம் பெண்கள் மங்கலச் சடங்குகளில் முன்னே வரக் கூடாதவர்களாக ஆனார்கள். கணவனோடு அவர்களுடைய ஒரு பகுதி அன்றாடமும் பறிபோனது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்காவை அண்டி நடந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றி 28 பேர் இறந்தார்கள். சங்கிலியிடுவதை இன்று இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுக்கிறது. இவற்றையெல்லாம் நான் மறுக்கவில்லை. வழிபாட்டைச் செயலாகப் பார்க்கச் சொல்வதற்கு இதுவே வலுவான காரணம். நம்பிக்கை புனிதமானது என்று தள்ளி நின்றால், அதன் பெயரால் நடக்கும் தீங்கையும் விசாரிக்க முடியாது. எல்லாச் செயல்களையும் போல இதையும் எடைபோட்டால், இந்தச் சடங்கு இவரை உள்ளே சேர்க்கிறதா வெளியே தள்ளுகிறதா, இந்த நேர்த்திக்கடன் உடலை மீட்கிறதா வதைக்கிறதா என்று கேட்க முடியும். குஜராத்தின் உனாவாவில் மீரா தாதார் தர்காவில், துஆ என்னும் வேண்டுதலை நிறுத்தாமலே மருந்தும் கிடைக்க மருத்துவரும் தர்காவின் பொறுப்பாளர்களான முஜாவர்களும் சேர்ந்து ஏற்பாடு செய்தது இத்தகைய விசாரணைக்கு ஓர் எடுத்துக்காட்டு.

சான்று போதாது என்பது அடுத்த எதிர்வாதம். போதாதுதான். பிறர் செய்யும் வேண்டுதல் இதய அறுவை நோயாளிகளுக்கு உதவுமா என்று 1,802 பேரிடம் பார்த்த ஆய்வு 2006இல் வெளியாகி, உதவவில்லை என்றது. தமக்காக வேண்டுகிறார்கள் என்று அறிந்தவர்களுக்குச் சிக்கல்கள் சற்றுக் கூடுதலாகவே வந்தன. இது என் வாதத்துக்கு எதிரானதாகத் தோன்றலாம். ஆனால் அங்கே நோயாளி எதையும் செய்யவில்லை, படுத்திருந்தார். செயலே உதவுகிறது என்ற கருத்தை அந்த ஆய்வு தொடவில்லை. போர்வீரர்களுக்கு ஆன்மிகப் பயிற்சிகளைக் குழுவாகத் தரும் திட்டம் ஒன்றை ஐரீன் ஹாரிஸ் அமெரிக்காவில் சோதித்தார். காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களோடு ஒப்பிட்டபோது பி.டி.எஸ்.டி. அறிகுறிகள் குறைந்தன. 2018இல் சமயம் கலக்காத ஒரு குழுச் சிகிச்சையோடு ஒப்பிட்டபோது இரண்டு குழுவும் சமமாகவே தேறின, கடவுளோடு இருந்த மனக்கசப்பு மட்டும் ஆன்மிகக் குழுவில் கூடுதலாகத் தணிந்தது. எனவே வழிபாடு மற்றச் சிகிச்சைகளைவிட உயர்ந்தது என்று யாராவது சொன்னால் அவரிடம் தரவு இல்லை. சொல்லக்கூடியது இவ்வளவுதான்: விரும்புபவருக்கு அது ஒத்த அளவில் உதவக்கூடும், சமயக் காயம் உள்ளவருக்கு மற்றவை தொடாத இடத்தைத் தொடக்கூடும்.

மூன்றாவது எதிர்வாதம் அதிகாரத்தைப் பற்றியது. உடைந்துபோன மனிதர் முன்னால் உட்கார்ந்திருக்கும் சிகிச்சையாளர் ‘செபியுங்கள்’ என்றால் அதை மறுப்பது கடினம். சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தோடு சமயப் பிரசாரமும் வந்தது என்ற குற்றச்சாட்டு இலங்கையில் கடுமையாக எழுந்ததை மறக்க முடியாது. உலக அமைப்புகள் சேர்ந்து 2007இல் வெளியிட்ட அவசரகால மனநல வழிகாட்டி, சமூகத்தின் பண்பாட்டு, ஆன்மிக வழக்கங்களுக்கு வசதி செய்துதரச் சொல்கிறது. வசதி செய்துதருவது வேறு, புகுத்துவது வேறு. சிகிச்சையாளர் தன் நம்பிக்கையைப் பேசக் கூடாது. கேட்க வேண்டியது நோயாளியின் பழக்கத்தைப் பற்றித்தான்: முன்பு வெள்ளிக்கிழமைகளில் என்ன செய்வீர்கள், இப்போது செய்கிறீர்களா, விட்டிருந்தால் மீண்டும் செய்ய ஆசை உண்டா? இல்லை என்றால் பேச்சு அங்கே முடிந்து வயலுக்கோ தையலுக்கோ கிரிக்கெட்டுக்கோ நகரும். கோபத்தில் கடவுளை விட்டவருக்கு அந்த விலகலே கௌரவமான ஒரு நிலைப்பாடு. அதைச் சரிசெய்யக் கிளம்பும் சிகிச்சையாளர் தன் எல்லையை மீறுகிறார். இந்த எல்லையைக் காக்கும் பயிற்சி இல்லாமல் இத்துறைக்குள் சமயத்தை அனுமதிப்பதைவிட, அதை வெளியிலேயே வைத்திருப்பது பாதுகாப்பானது என்றுகூடச் சொல்வேன்.

மூச்சும் தாளமும் கூட்டமும்தான் வேலை செய்கின்றன என்றால் கடவுள் எதற்கு, அதே பயன்களை உடற்பயிற்சிக் குழுவில் பெறலாமே என்று கடைசியாக ஒருவர் கேட்கலாம். பெறலாம், பலர் பெறுகிறார்கள். ஆனால் மருத்துவமனைப் பயிற்சிகளின் பெரும் குறை, சிகிச்சை முடிந்ததும் பெரும்பாலோர் அவற்றை விட்டுவிடுவதுதான். உளமருத்துவர்கள் மிகச் சிலரே உள்ள வன்னி போன்ற பகுதியில், ஊரில் ஏற்கனவே நேரம் குறித்து நடக்கும் செயல் ஒன்றில் சேர்த்துவிட்டால் அது சிகிச்சையாளர் போன பிறகும் நடக்கும், மணி அடித்து அழைக்கவும் வராதபோது விசாரிக்கவும் அங்கே ஆள் இருப்பார்கள். இதுவும் சோதிக்கத்தக்க கூற்றுதான். விரும்பிச் சேர்ந்தவர்களை மூன்று குழுவாகப் பிரிக்கலாம். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சையோடு தாங்களே தேர்ந்தெடுத்த வழிபாட்டுச் செயல், இன்னொன்றுக்கு அதே நேர அளவும் அதே கூட்டமும் உள்ள தோட்டவேலை, மூன்றாவதற்கு வழக்கமான சிகிச்சை மட்டும். அளக்க வேண்டியது நோய் அறிகுறிகளை மட்டுமல்ல, தூங்கிய மணிகளையும், வாரத்தில் வீட்டைவிட்டு வெளியே போன நாட்களையும், ஓர் ஆண்டுக்குப் பிறகும் அந்தச் செயல் தொடர்கிறதா என்பதையும், சமயத்தால் மனம் நொந்தவர்களின் எண்ணிக்கையையும்தான். தோட்டக் குழுவும் வழிபாட்டுக் குழுவும் ஓராண்டில் ஒரே அளவு தொடர்ந்தால், பொருளே செயலைத் தொடரவைக்கிறது என்ற என் வாதத்தின் அந்தப் பகுதி விழும். மூன்று குழுக்களும் ஒரே நிலையில் நின்றால், முழுவதையும் நான் விட்டுவிட வேண்டியிருக்கும்.